தேதி கேட்ட பெட்டி

மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த காகிதம் அப்படியே இருந்தது. ஓரங்கள் மட்டும் பழுப்பேறியிருந்தன. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே அண்ணாச்சியின் உருண்டைக் கையெழுத்தில் இரண்டே வரி: ‘ஹார்டு டிஸ்க் வகை 2. சிலிண்டர் 615, ஹெட் 4, செக்டர் 17.’ நீல மை கொஞ்சமும் கலங்கவில்லை. எழுதி முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது.

அதே எண்ணைக் காப்பதற்கென்று மதர்போர்டில் ஒரு பேட்டரி இருந்தது. அது கசிந்து, உறை பிளந்து, சுற்றிலும் பச்சை பூத்துக் கிடந்தது. செம்புப் பாத்திரத்தை வருஷக்கணக்கில் புளி போடாமல் விட்டால் பிடிக்குமே, அந்தப் பச்சை. நடுவில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் துகள். பக்கத்திலிருந்த கீபோர்டு சாக்கெட்டின் காலெல்லாம் அரித்திருந்தது. அங்கிருந்து இரண்டு ஸ்லாட்டுகளின் நுனிவரை கறை ஓடியிருந்தது.

அந்தப் பேட்டரியை அங்கே வைத்தவன் நான்தான். 1993-இல்.

அண்ணாச்சியின் மகன் 2024 ஏப்ரலில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, “இது ஒங்க கைப்பட்ட பொருளு, இரும்புக்குப் போட மனசு வரல” என்று ஆட்டோவில் ஏற்றி என் கடைக்கு அனுப்பிவைத்தார். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். நாள்தோறும் ஏதோ ஒரு பெட்டியைத் திறக்கிறேன். இந்த மூடியைக் கழற்ற மட்டும் அன்று இரவு கடை சாத்தும்வரை காத்திருந்தேன்.

1990-இல் திருநெல்வேலி டவுனில் அண்ணாச்சியின் அடகுக்கடைக்கு இது வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, ஒரு பயிற்சி நிலையத்தில் வேர்டுஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ் த்ரீ பிளஸ் மூன்றையும் படித்து முடித்திருந்தேன். வேலை இல்லை. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டி இது. 80286 சில்லு, 12 மெகாஹெர்ட்ஸ், 1 மெகாபைட் ராம், 20 மெகாபைட் சீகேட் எஸ்டி-225 டிஸ்க், மஞ்சள் எழுத்துத் திரை. கடையில் இதைவிட விலைகூடிய பொருள் இரும்புப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. இதைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குக் கிடைத்த உபசாரம் வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் கிடைத்திருக்காது. கண்ணாடித் தடுப்பு போட்டுத் தனி அறை. ஏசி. ஸ்டெபிலைசர். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாயங்காலம் உறை போட்டு மூடவேண்டும். ஆயுத பூஜைக்குத் திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, பெட்டியின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைப்போம். தூசி, ஈரம், வோல்டேஜ், திருஷ்டி என்று வெளியிலிருந்து எது எதெல்லாம் வரும் என்று யோசித்து யோசித்துத் தடுத்தோம். மதர்போர்டின் ஓரத்தில் நீல உறை போட்டுச் சுண்டுவிரல் நீளத்தில் படுத்திருந்த உருளையை ஒருவரும் கவனிக்கவில்லை. அது பேட்டரி என்றே எனக்கு இரண்டு வருஷம் தெரியாது.

அந்த உருளை எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். 1981-இல் ஐபிஎம் முதல் பிசியை விற்கத் தொடங்கியபோது, அணைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் அதில் இல்லை. காலையில் போட்டதும் அதன் இயங்குதளமான டாஸ் தேதியைக் கேட்கும், நேரத்தைக் கேட்கும். சொல்லாமல் விட்டால் 1-1-1980 என்று வைத்துக்கொள்ளும். டாஸின் பஞ்சாங்கம் அந்த நாளில்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய தேதி எதுவும் அதற்குக் கிடையாது. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி இந்தக் குறையைத் தீர்த்தது. மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லு ஒன்றை வைத்தார்கள். விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்து அது நேரத்தை எண்ணும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு விநாடி. கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதே படிகம்தான். அந்தச் சில்லுக்குள் 64 பைட் நினைவு. அதில் 14 கடிகாரத்துக்கே போய்விடும். மிச்சம் 50 பைட்டில் இயந்திரம் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எல்லாம் அடங்கவேண்டும்: எத்தனை ஃபிளாப்பி, எவ்வளவு ராம், எந்த வகை டிஸ்க். இன்றைய யூனிகோடில் (யுடிஎஃப்-8) தமிழை எழுதினால் 64 பைட்டில் இருபத்தொரு குறியீடுகள்தான் உட்காரும். ஒரு பேர், ஒரு ஊர், அவ்வளவுதான்.

மின்சாரம் நின்றாலும் ‘சிமாஸ்’ என்று சொல்லும் இந்த 64 பைட் அழியாமல் இருக்கத்தான் பேட்டரி. ஐபிஎம் தன் ஏடியில் அதைப் போர்டில் வைக்கவில்லை. பெட்டியின் உட்புறத்தில் தனியாக ஒட்டிவைத்து இரண்டு கம்பி மட்டும் இழுத்துப் போர்டில் சொருகியது. பின்னால் அதைப் பார்த்துப் போர்டு செய்தவர்களில் பலர், மலிவுக்காகவும் வசதிக்காகவும், நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டின் மேலேயே பற்றவைத்தார்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தரும் மூன்று செல்லை ஓர் உறைக்குள் அடுக்கிய 3.6 வோல்ட் உருளை. பெட்டி ஓடும்போது தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். மாற்றவே வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். பெட்டியை ஒருநாள் பரணில் போடுவார்கள் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

1992 மே கடைசியில் அண்ணாச்சியின் ஆத்தா தவறிப்போனார்கள். பதினாறு நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஜூன் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை திறந்து பெட்டியைப் போட்டால், சிமாஸ் பேட்டரி இறங்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கடுத்து, டிஸ்க்கே இல்லை என்றது. கையெல்லாம் வேர்த்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அடகுக் கணக்கு அதற்குள் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. பெட்டியைப் பூட்டிக்கொடுக்க வந்தவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனதை, அண்ணாச்சி காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்திருந்தார். எழுதாத எதையும் அவர் நம்பமாட்டார்.

அந்தக் காலத்து டிஸ்க்குக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியாது. எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று நாம்தான் பெட்டியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்குச் சொல்லவேண்டும். பட்டியலில் இரண்டாவது வகை என்று சொன்னால் 615, 4, 17 என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கிப் பார்த்தால் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் பைட் வரும். சொல்லாவிட்டால் டிஸ்க் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தும் பெட்டிக்கு அது இல்லாத பொருள்தான். ‘வகை 2’ என்று கொடுத்தேன். டிஸ்க் ‘கிர்ர்’ என்று குரல் கொடுத்துத் திறந்தது. அந்த நிம்மதியில் ஒன்றை விட்டுவிட்டேன். தேதியைத் திருத்தவில்லை.

பத்தரை மணிக்கு ஓர் அம்மாள் வந்தார்கள். மார்ச் பதினாறாம் தேதி இரண்டு வளையலை வைத்து இரண்டாயிரம் வாங்கியிருந்தார்கள். மகளுக்கு வளைகாப்பு, அதற்குள் திருப்பவேண்டும். பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். சீட்டை வாங்கி எண்ணைத் தட்டினேன். வட்டி: கழித்தல் 2972. கட்டவேண்டியது: கழித்தல் 972.

நான் எழுதிய நிரல்தான் அது. இன்றைய தேதியிலிருந்து அடகு வைத்த தேதியைக் கழித்து, வந்த நாள்களுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி போடும். பெட்டியைப் பொறுத்தவரை அன்று 1-1-1980. அந்த வளையல் அடகுக்கு வர இன்னும் 4,458 நாள் இருந்தது. ஆகவே கடைதான் அம்மாளுக்கு 972 ரூபாய் தரவேண்டும்.

இன்றைக்கு இது எவருக்கும் ஒரு பார்வையில் புரியும். எனக்கு அன்று புரியவில்லை. கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்று சொல்லிக்கொடுத்துத்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். நிரலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே 972. அம்மாள், “என்னய்யா, எங்கணக்குல ஏதும் சிக்கலா?” என்று கேட்டார்கள். குரல் நடுங்கியது. நகைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணாச்சி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேரேட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒருதரம் பார்த்தார். “மூணு மாசம். அறுவது ரூவா. ரெண்டாயிரத்தி அறுவது குடுங்கம்மா.” இரண்டு நிமிஷத்தில் வளையல் அம்மாள் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு என்னிடம் திரும்பி, “அது என்ன தேதின்னு நெனச்சிக்கிட்டு இருக்குன்னு கேளுடே” என்றார்.

கேட்டேன். சொன்னது.

அன்று சாயங்காலமே தொடக்கக் கோப்பில் ‘டேட்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். அந்தக் கோப்பு இருந்தால் டாஸ் தானாகத் தேதி கேட்காது. நாமாக எழுதினால்தான் கேட்கும். மறுநாளிலிருந்து கடையில் ஒரு வழக்கம் உண்டானது. காலையில் விளக்கேற்றி, ஊதுவத்தி காட்டி, அண்ணாச்சி காலண்டரில் முந்தினநாள் தாளைக் கிழிப்பார். நான் பெட்டியைப் போடுவேன். அது தேதியைக் கேட்கும். “தேதி, அண்ணாச்சி” என்பேன். அவர் கிழமையோடு சேர்த்து உரக்கப் படிப்பார். நான் தட்டுவேன். முதலில் அது மாதத்தை முன்னால் கேட்டது, அமெரிக்கப் பழக்கம். அண்ணாச்சிக்கு அது சரிப்படவில்லை. நாட்டுக் குறியீட்டை 44 என்று மாற்றிப் பிரிட்டன் முறைக்குக் கொண்டுவந்து நாளை முன்னால் வைத்தேன்.

அடுத்த வருஷம் சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் புது உருளை ஒன்று வாங்கிவந்தேன். டவுனில் அதைப் பற்றவைக்க ஆள் இல்லை. டிவி மெக்கானிக் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். அவரிடம் இருந்த சால்டரிங் அயர்ன் தடியானது. பழையதை எடுக்கையில் ஒரு செப்புத் தடம் பெயர்ந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயரவில்லை. புது உருளை பளபளவென்று உட்கார்ந்தது. பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையில் மெல்லியதாக வெள்ளை பூத்திருந்தது. அது என்ன என்று மெக்கானிக்கும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று யோசித்தால், எல்லாம் அந்த வெள்ளையில் எழுதித்தான் இருந்தது. படிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

புதுப் பேட்டரி வந்தபிறகு தேதி கேட்கும் வரியை எடுத்துவிடலாமா என்றேன். “கேக்கட்டும்டே. அது கேட்டாத்தான் நாம காலண்டரப் பாப்போம்” என்றுவிட்டார்.

1998-இல் கடைக்குப் பென்டியம் வந்தது. அதில் நாணயம் மாதிரிப் பேட்டரி, விரலால் நெம்பினால் வெளியே வரும். 286-ஐப் பரணில் ஏற்றும் வேலையை நானே செய்தேன். எஸ்டி-225 அணைக்கும்போது தானே தலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளாது. அதற்கென்று ஒரு கட்டளை கொடுத்து, தட்டின் தகவல் இல்லாத பகுதிக்கு நகர்த்திய பிறகுதான் தூக்கவேண்டும். மறக்காமல் செய்தேன். பிளாஸ்டிக் சாக்கில் சுற்றினேன், கயிறு போட்டேன், எலி கடிக்காமல் இருக்க ரசகற்பூரம் வைத்தேன். பேட்டரியை மட்டும் எடுக்கவில்லை.

அது உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போது தெரியும். சார்ஜ் ஏற வழியில்லாமல் சில மாதத்தில் முழுசாக இறங்கியிருக்கும். அடைப்பு தளர்ந்ததும் உள்ளே இருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மெல்ல வெளியே வந்திருக்கும். அது காரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும், தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊரும், போர்டின் மேல்பூச்சுக்கு அடியில் புகுந்து செம்பைத் தின்னும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகும். இருபத்தாறு வருஷம், ஒரு சத்தமும் இல்லாமல்.

ஆகவே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ அலுவலக மூலையிலோ 286, 386, 486 ஏதாவது கிடந்தால், இந்தப் பத்திரிகையை வைத்துவிட்டுப் போய் மூடியைத் திறந்து பாருங்கள். உருளைப் பேட்டரி இருந்தால் வெட்டியாவது எடுத்துவிடுங்கள். ஓடுகிறதா என்ற சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆப்பிள் மேக்கின்டாஷில் இருக்கும் அரை-டபுள்-ஏ லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். கசிந்தால் போர்டோடு சேர்த்து உட்புறச் சட்டத்தையும் துருவாக்கிவிடும். இப்படிச் செத்த போர்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு கத்தரிக்கோலால் காப்பாற்றியிருக்கக் கூடியவை.

சுத்தம் செய்ய எனக்கு மூன்று இரவு ஆனது. முதலில் பேட்டரியைக் கழற்றினேன், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். காட்மியம் நஞ்சு. காரத்தை அடக்க மிதமான அமிலம் வேண்டும். வினிகர் போதும். வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. பிழிந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு வைத்ததும் வெள்ளைத் துகள் மேல் பொங்கி நுரைத்தது. ஒருகாலத்தில் இதே பெட்டியின் தலையில் ஆயுத பூஜைதோறும் வைத்த பழம். வைத்த இடத்துக்கு ஒரு சாண் கீழேதான் அதற்கு வேலை இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒருநாள் ஃபேனடியில் உலர வைத்தேன். பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் பதினோரு தடங்கள் கறுத்திருந்தன. மல்டிமீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில் நான்கு அறுந்திருந்தன. தலைமுடிக் கனமுள்ள எனாமல் கம்பியால் அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்து இணைத்தேன். கீபோர்டு சாக்கெட்டை மாற்றினேன். டிவி மெக்கானிக்கின் தடி அயர்ன் நினைவுக்கு வந்தது. இன்று என் மேசையில் இருப்பது ஊசிமுனை, சூட்டை டிகிரிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் அந்த அயர்னை வைத்துக்கொண்டு ஒரு தடத்தையும் பெயர்க்காமல் வேலை செய்தார் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

புதுப் பேட்டரிக்கு சிஆர்2032 போதும். 20 மில்லிமீட்டர் குறுக்கு, 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். 1993-இல் சென்னைவரை போனேன். இன்று எதிர்க்கடையில், கார் சாவிக்கும் எடை மெஷினுக்கும் விற்கிற அட்டையில் தொங்குகிறது. ஆனால் அதை உருளை இருந்த இடத்தில் நேராக வைத்துவிடக் கூடாது. இந்தப் போர்டுக்குத் தெரிந்ததெல்லாம் சார்ஜ் ஏற்றும் பேட்டரிதான். பெட்டி ஓடும்போதெல்லாம் மின்சாரத்தை உள்ளே தள்ளும். சிஆர்2032 அதை வாங்கிக்கொள்ளாது, சூடாகும், வெடிக்கவும் செய்யும். நடுவில் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் வெளியே மட்டும் போகும், உள்ளே வராது. சாதாரண டயோடைவிட ஷாட்கி டயோடு விழுங்கும் வோல்ட் குறைவு. இருப்பதே மூன்று வோல்ட் என்கிறபோது அந்த மிச்சமும் கணக்குத்தான். பேட்டரியை இந்தத் தடவை போர்டின் பக்கமே விடவில்லை. ஒரு ஹோல்டரில் போட்டு, பெட்டியின் பக்கச் சுவரில் ஒட்டி, இரண்டு கம்பி இழுத்தேன். 1984-இல் ஐபிஎம் செய்த மாதிரியே.

எல்லாவற்றையும் இப்படிச் சரிசெய்துவிட முடியாது. போன வருஷம் வந்த ஒரு 486-இல் கடிகாரம், படிகம், பேட்டரி மூன்றையும் ஒரே கறுப்புக் கட்டியில் அடைத்து மூடியிருந்தார்கள், டாலஸ் டிஎஸ்12887 என்ற சில்லு. பத்து வருஷம் வரும் என்று செய்தது. திறக்கவே முடியாது. 16-ஆம் காலுக்கும் 20-ஆம் காலுக்கும் மேலே பிளாஸ்டிக்கை அரம் வைத்து ராவி, உள்ளே இருக்கும் கம்பியைக் கண்டுபிடித்து வெளியிலிருந்து பேட்டரி கொடுக்கவேண்டும். கம்ப்யூட்டர் மட்டுமல்ல, மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர் தன் யமஹா டிஎக்ஸ்7-ஐயும் கொண்டுவந்தார். அவர் வருஷக்கணக்கில் தானே உருவாக்கிய நாதசுரக் குரலும் இன்னும் சிலவும் அதன் 32 குரல்களுக்குள் இருந்தன. பேட்டரி கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் தாமதமாக வந்திருந்தால் அந்த நாதசுரம் உலகத்தில் இருந்திருக்காது.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களிலும் அந்த நாணயப் பேட்டரி பெரும்பாலும் இருக்கிறது. அமைப்புகள் எல்லாம் ஃபிளாஷ் நினைவில் இருப்பதால், பேட்டரி போனாலும் பெட்டி தன்னை மறப்பதில்லை, தேதியை மட்டும் மறக்கும். தேதி தவறினால் வட்டி தப்பாக வந்த காலம் போய்விட்டது. இன்று பாங்கு இணையதளம் திறக்காது, மின்னஞ்சல் திறக்காது, இணைப்பு பாதுகாப்பற்றது என்று ஒரு பக்கம் வரும். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பெட்டி பழைய வருஷத்தில் நின்றுகொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவில்லை என்று அது நம்பும். பதறிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது திரையின் மூலையில் இருக்கும் தேதியை. அந்த அம்மாளின் குரலும் அந்த நேரத்தில் கேட்கும்.

ஜூன் ஏழாம் தேதி இரவு 286-க்கு மின்சாரம் கொடுத்தேன். ராம் எண்ணி முடித்தது. பேட்டரி வரி வந்தது, டிஸ்க் இல்லை என்றது. மூடியைப் பார்த்து ‘வகை 2’ என்று கொடுத்தேன். இந்தத் தடவை மறக்காமல் தேதியையும் கொடுத்தேன். அந்தப் பழைய டாஸ், வருஷத்தை ‘24’ என்று சுருக்கிச் சொன்னால் ஏற்காது, 2024 என்று முழுசாகத் தட்டவேண்டும். டிஸ்க் குரல் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அதுதான் என்று சொல்லிவிடுவேன்.

கோப்புப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் 90, 91, 92 என்று 98 வரை ஓடியது. நடுவில் ஒன்று மட்டும் 01-01-80. என்ன கோப்பு என்று திறந்தேன். அந்த 1992 ஜூன் திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் போட்ட தொடக்கப் பட்டியல். அதை ஒருவரும் அழிக்கவில்லை, மறுபடி எழுதவும் இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு வரி: 2 வளையல், 2000, 16-03-92.

பெட்டியை அணைத்து, வயரை உருவி, ஒரு வாரம் மூலையில் வைத்தேன். பேட்டரி பிடிக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. ஏழாம் நாள் போட்டபோது டிஸ்க் வகை நினைவிருந்தது. கடிகாரம் பதினோரு விநாடி பின்தங்கியிருந்தது. அன்றே அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சிக்கு எண்பத்தாறு. காது மட்டு, கண் தெளிவு. சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துப் பூட்டியதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மூடியை முழுசாக மாட்டவில்லை. அந்தக் காகிதத்தை அவரிடம் திருப்பிக் காட்டினேன். தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். “பதினேழுல ஏழு சரியா விழல” என்றார்.

சுவிட்சைப் போட்டேன். டிஸ்க்கின் ‘கிர்ர்’ அவர் காதிலும் விழுந்துவிட்டது, நிமிர்ந்தார். மஞ்சள் எழுத்தில் அந்த வரி வந்தது. இன்று வெள்ளி, 14-06-2024, புதிய தேதியைக் கொடு.

“என்னடே கேக்கு?”

“தேதி, அண்ணாச்சி.”

அவர் சுவரைப் பார்த்தார். காலண்டரில் பதின்மூன்று, வியாழன். காலையில் யாரும் தாளைக் கிழிக்கவில்லை. மருமகள் எழுந்து போகப் பார்த்தார்கள். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார், கம்பை ஊன்றி எழுந்தார், நான்கு எட்டு வைத்துப் போய்த் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு காலண்டரை நேராகப் பார்த்து, கடையில் படிப்பது மாதிரியே உரக்கப் படித்தார்.

“வெள்ளி. பதினாலு.”

நான் என்டரைத் தட்டினேன்.